மே மாதம், காடு, சத்தமில்லாத இரண்டு இரவு: டெல்டாவுக்குள் கூடாரம் போட இடம் இருக்கிறதா?

மன்னை மைனர்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். நான், வீட்டுக்காரி, 10 வயதில் பையன், 6 வயதில் பெண். போன வருடம் மே மாதம் மலைப்பக்கம் ஒரு இடத்தில் 'காட்டுக்குள் கூடாரம், முழு அமைதி' என்று விளம்பரம் பார்த்து முன்பணம் கட்டிப் போனோம். போய்ப் பார்த்தால் காடு வேலிக்கு அந்தப் பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் இருபது கூடாரம், நடுவில் ஆளுயர ஸ்பீக்கர், ராத்திரி ஒன்றரை மணிவரை குத்துப்பாட்டு. என் பெண் காதைப் பொத்திக்கொண்டே தூங்கிப்போனாள். இடத்தின் பெயர் வேண்டாம், பணம் போனது போனதுதான்.

இந்த முறை எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ராத்திரி சத்தம் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அதனால் ஊட்டி, கொடைக்கானல், டாப்சிலிப் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கோடிக்கரை நினைப்பாகவே இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா போனது, குதிரை பார்த்த ஞாபகம் மட்டும்தான் மிச்சம். நாலு பேர் படுக்கிற கூடாரம் ஒன்று வாங்கிப் பரணில் கிடக்கிறது. அதைக் காட்டுக்குள் போட விடுவார்களா? அக்கினி நட்சத்திரத்தில் பிள்ளைகள் தாங்குமா? முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டில் ராத்திரி தங்க முடியுமா? பூநாரை இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதை உப்புக்காரன்

தம்பி, கூடாரம் இப்போதைக்குப் பரணிலேயே இருக்கட்டும். கோடிக்கரை 1967லேயே சரணாலயமாகிவிட்டது. 1972 வன உயிரினச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே காலே வைக்க முடியாது, ராத்திரி படுப்பதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் 'கேம்ப் ஃபயர்' என்ற வார்த்தையைச் செக்போஸ்ட்டில் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். மே மாதம் தரை முழுக்கச் சருகு, காற்றோ நிற்காது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிச் செத்தது எல்லோருக்கும் தெரியும். அது மலை, இது சமவெளி, ஆனால் தீக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

தங்குவதற்கு வழி இருக்கிறது. கோடிக்கரையில் வனத்துறை விடுதி உண்டு, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். ஃபோன் பண்ணும்போது அறை கிடைக்குமா என்று மட்டும் கேட்காமல், அந்த வாரம் பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேதாரணியத்தில் லாட்ஜ், அங்கிருந்து கோடிக்கரை 12 கிலோமீட்டர்கூட இருக்காது.

இனி வெயில். இதைத்தான் வெளியூர்க்காரர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காடு என்றதும் குளுகுளு என்று நினைத்து வருவார்கள். கோடிக்கரைக் காடு குட்டைக்காடு, வறண்ட பசுமைக்காடு என்பார்கள், வானத்தை முட்டும் மரம் எதுவும் கிடையாது. உலக்கைப்பாலை மரம்தான் இங்கே ராஜா, அதற்கே கஜா புயல் நாளில் இடுப்பொடிந்து போயிற்று. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் விழுந்த மரங்கள் கொஞ்சநஞ்சமல்ல, மானும் குதிரையும் செத்து மிதந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னால் நீங்கள் பார்த்த நிழல் இப்போது அதே அளவு இருக்காது. இடைவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் சீமைக்கருவை வேறு.

ஆனால் ஒரு விஷயம், இங்கே பொழுதை ஓட்டுவது காற்றுதான். காலையில் கச்சான் அடிக்கும், அதாவது மேற்கே நிலத்திலிருந்து வருகிற காற்று, அனல். மத்தியானம் ஒரு நேரத்தில் அது சட்டென்று நிற்கும். அந்த அரைமணி நேரம்தான் கொடுமை, இலை ஆடாது, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கடல்பக்கமிருந்து எடுக்கும் பாருங்கள், பனைமட்டை சலசலக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். சில நாள் கச்சான் பிடிவாதமாக நின்றால் கடல்காற்று சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும், ஒருநாள் வராமலேயும் போகும். அதனால் காலை ஆறிலிருந்து எட்டரை வரை சுற்றுங்கள், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள், நாலரைக்கு மறுபடி கிளம்புங்கள். பதினொரு மணிக்கு மான் பார்க்க வருகிற குடும்பங்களை நான் தினம் பார்க்கிறேன், மானுக்கு இருக்கிற அறிவு நமக்கு இல்லை.

பூநாரை வடகிழக்குப் பருவமழையோடு வருகிற விருந்தாளி, மே மாதத்தில் அதை நம்பி வராதீர்கள். வெளிமான் இருக்கும், புள்ளிமான் இருக்கும், குதிரை இருக்கும். தண்ணீர் இல்லாத காலம் என்பதால் வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தொட்டி கண்ணில் படும் தூரத்தில், மரத்தடியில் ஒதுங்கிப் பேசாமல் உட்கார்ந்தால் போதும், எல்லாம் தானாக வரும்.

கொள்ளிடக்கரையான்

டெல்டாவில் காடு என்றால் எங்கள் பக்கம் இரண்டுதான்: கருவேலங்காடு, சுடுகாடு. இதற்குப் போய் ஏன் சார் அலைகிறீர்கள்? மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால்தான் உண்டு, அதுவரை ஆறு முழுக்க மணல். முழுநிலா அன்று பாயை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் படுத்தால் அதைவிட அமைதி எந்தக் காட்டிலும் கிடையாது. நாங்கள் சின்ன வயதில் அப்படித்தான் படுப்போம். இல்லையென்றால் பச்சைமலை போய்விட்டு வாருங்கள், துறையூர் வழியாக.

வேதை உப்புக்காரன்

@கொள்ளிடக்கரையான் சின்ன வயதில் ஆற்றில் மணல் இருந்தது, அண்ணே. இப்போது குழிதான் இருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவருக்கு ராத்திரி ஆற்றுக்குள் படுக்கச் சொல்லாதீர்கள், மேலே எங்கே மழை பெய்தது, எந்த மதகு திறந்தது என்று படுத்திருப்பவனுக்கு யார் வந்து சொல்வது? பச்சைமலைக்கு மன்னார்குடியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர ஹெலிகாப்டர்தான் வேண்டும்.

ஜாம்புவானோடை

முத்துப்பேட்டை பற்றி மட்டும் சொல்கிறேன். ராத்திரி தங்க முடியாது. எங்கள் ஜாம்புவானோடைப் படகுத்துறையிலிருந்து கோரையாற்று வழியாகக் காயலுக்குப் படகு போகும், வனத்துறை அனுமதியோடு காலையில் போய்விட்டு வரலாம். இரண்டு பக்கமும் அலையாத்தி வளைந்து நிற்கும், அந்த ஆற்றுப்பாதைதான் அழகு, காயலுக்குள் போய்விட்டால் வெட்டவெளி, வெயில் மண்டையைப் பிளக்கும். கோடையில் ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்து இல்லாததால் காயல் ஆழம் குறைந்து உப்பேறிக் கிடக்கும், படகு சேற்றில் தட்டும், அப்போது இறங்கித் தள்ளத் தயாராக வர வேண்டும் (விளையாட்டுக்குச் சொல்லவில்லை).

பிள்ளைகளுக்கு முக்கியமாக ஒன்று. அங்கே தில்லை மரமும் உண்டு. கிளையை ஒடித்தால் பால் வடியும், அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். எந்த மரத்திலும் கை வைக்காதே என்று படகில் ஏறுவதற்கு முன்பே பையனிடம் சொல்லிவிடுங்கள். அலையாத்தி வேரைக் காட்டுங்கள், சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், மரம் மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான். என் பையன் அதை எண்ண ஆரம்பித்து நானூறில் விட்டுவிட்டான்.

பூண்டி அக்கா

நான் திருத்துறைப்பூண்டி. இரண்டு வருடம் முன்னால் இதே மே மாதம் நாத்தனார் பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து வாண்டுகளோடு கோடிக்கரை போய்த் தங்கினோம். ஆண்கள் காற்று, மரம் என்று எழுதுவார்கள், கக்கூஸ் பற்றி எழுத மாட்டார்கள். விடுதியைத் தாண்டி உள்ளே போய்விட்டால் எதுவும் கிடையாது, கிளம்பும்போதே பிள்ளைகளைப் போகச் சொல்லி அனுப்புங்கள். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அந்த மண்ணில் உப்புத்தண்ணீர்தான். சாப்பாட்டுக்கு வேதாரணியத்தில் சொல்லி வைத்துக் கட்டி எடுத்துப் போவது நல்லது. மீன் குழம்பு ஆசையில் போகாதீர்கள், ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

குரங்கு! பிளாஸ்டிக் பை சலசலத்தால் போதும், எங்கிருந்து வரும் என்றே தெரியாது. பை எதையும் கையில் தொங்கவிடாதீர்கள்.

பாலைப்பழக் காலம் பார்த்துப் போனால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், வேதாரணியம் கடைத்தெருவில் கூறு கட்டி விற்பார்கள். காட்டில் பறிக்கக் கூடாது, அது குரங்குக்கும் பறவைக்கும். தித்திப்பு என்றால் அப்படி ஒரு தித்திப்பு, ஆனால் பால் உதட்டில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். என் நாத்தனார் பெண் ஒரு கூறையும் தனியாகத் தின்றுவிட்டு வாயைத் திறக்க முடியாமல் 'ம்ம் ம்ம்' என்று வந்து நின்றாள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும், ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

பாம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே? மணல் காடு, சுருட்டை விரியன் உண்டு, ராத்திரி டார்ச் இல்லாமல் ஒரு அடி நடக்காதீர்கள். அதைவிட எனக்குப் பயம் கட்டுவிரியன்தான். தரையில் படுத்திருப்பவர் பக்கத்தில் வந்துவிடும், கடித்தாலும் பலருக்கு வலியே தெரியாது, எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். வெறும் பாய் விரித்துத் தரையில் படுக்காதீர்கள். கட்டில், அல்லது நான்கு பக்கமும் அடியில் சொருகிய கொசுவலை. ஏதாவது என்றால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், நேராக அரசு ஆஸ்பத்திரி.

கூடாரத்தை வீணாக்க மனசில்லை என்றால் ஒரு யோசனை. சரணாலயத்துக்கு வெளியே, புஷ்பவனம், நாலுவேதபதிப் பக்கம் தனியார் சவுக்குத் தோப்பு இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் யாராவது இருந்தால் கேட்டுவிட்டு அங்கே போடுங்கள். கடல் கூப்பிடு தூரம். ரயிலில் வருவதானால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி வண்டி ஓடுகிறது, முன்பு மீட்டர்கேஜ் காலத்தில் கோடிக்கரைவரையே போகும், இப்போது அதோடு நின்றுவிடும். அங்கேயே உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது, 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்த இடம் என்று பையனிடம் சொல்லுங்கள், நடக்கச் சிணுங்க மாட்டான்.

மன்னை மைனர்

அக்கா, உப்புக்கார அண்ணே, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. வீட்டுக்காரியின் பெரியம்மா வீடு நாலுவேதபதியில்தான் இருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. சவுக்குத் தோப்பில் கூடாரத்துக்குள் புழுங்காதா? மேல்துணி போட வேண்டுமா?

பூண்டி அக்கா

மழை இல்லை என்றால் மேல்துணி எதற்கு, வலை மட்டும் போதும். வாசலைக் காற்றைப் பார்த்து வையுங்கள். கீழே சவுக்கு மிலார், ஊசிச்சருகு எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டுப் படுதா விரித்து அதன்மேல் போடுங்கள். கொசுவர்த்திகூட அங்கே கொளுத்த வேண்டாம், அந்தச் சருகு பெட்ரோல் மாதிரி. பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அடுப்பு வைக்கிற வேலை வேண்டாம்.

கொள்ளிடக்கரையான்

பெரியம்மா வீடு இருக்கும்போது தோப்பில் போய்ப் படுக்கிறேன் என்றால் பெரியம்மா சும்மா விடுவார்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மன்னை மைனர்

போய் வந்துவிட்டோம். யாராவது பிறகு தேடி வந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் ராத்திரி கோடிக்கரையில் விடுதி கிடைத்தது. உப்புக்கார அண்ணன் சொன்ன அந்த அரைமணி நேரத்தை நாங்கள் முழுதாக அனுபவித்தோம், அதுவும் கரண்ட் போன நேரத்தில். ஃபோன் 37 டிகிரி காட்டியது, உடம்புக்கு ஐம்பதுபோல் இருந்தது. ஈரத்துண்டைப் பிழிந்து பிள்ளைகள் மேல் போட்டுப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தோம், மூன்றே முக்காலுக்குக் காற்று எடுத்தது. பெண் எழுந்து 'யாரோ ஃபேன் போட்டாங்க' என்றாள்.

சாயங்காலம் ராமர் பாதம் போனோம். அந்த முனையிலேயே உயரமான இடம் அதுதானாம், மணல்மேடு, நாலு மீட்டர் உயரம் என்றார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் அது மலைதான். மறுநாள் விடிகாலை புல்வெளி ஓரம் வழிகாட்டி நிறுத்திய இடத்தில் உட்கார்ந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நான் கருவைப் புதரின் நிழல் என்று நினைத்தது தலையைத் தூக்கியது. கறுத்த ஆண் வெளிமான், கொம்பு திருகுத்திருகாக, வயிறும் கண்ணைச் சுற்றியும் மட்டும் வெள்ளை. எங்களையே பார்த்தது, காதை ஒருமுறை ஆட்டியது, மறுபடி மேய ஆரம்பித்துவிட்டது. பையன் ஃபோனை எடுக்கவே மறந்துவிட்டான். நானும்தான். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குதிரை, கழுத்தை நீட்டிக் குடிக்கும்போது தொண்டையில் தண்ணீர் இறங்குவது தெரிகிற அளவு பக்கத்தில்.

குரங்கு விஷயத்தில் அக்கா பேச்சைக் கேட்காதது என் தப்பு. புளியோதரைத் தூக்கை வண்டி பானெட்மேல் வைத்துவிட்டுச் சாவியைத் தேடினேன், அவ்வளவுதான். மூடியைத் திறந்து, முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூக்கைக் கவிழ்த்துவிட்டுப் போனது. வேர்க்கடலையைத் தொடவில்லை.

கோடிக்குழகர் கோயிலுக்கும் போனோம். சுந்தரர் வந்தபோது இந்தச் சாமி கடற்கரையில் தன்னந்தனியாக இருப்பதைப் பார்த்து, பக்கத்தில் நாலு வீடு இருந்தால் குற்றமா என்று வருத்தப்பட்டுப் பாடினாராம். வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "நீங்க ஆறு மாசமா தேடுற இடம் சாமிக்குக் கிடைச்சிருக்கு, அவரோ துணை தேடுறார்" என்றாள். பதில் சொல்லவில்லை நான்.

இரண்டாம் ராத்திரி நாலுவேதபதி. கொள்ளிடக்கரை அண்ணன் சொன்னதுதான் நடந்தது. பெரியம்மா ஒரே சண்டை, 'வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைத் தோப்பில் படுக்க வைத்தேன் என்று ஊர் பேசும்' என்று. கடைசியில் பெரியப்பா கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து கூடாரத்துக்குப் பக்கத்தில் காவலுக்குப் படுத்ததும்தான் சம்மதித்தார்கள். அவர் குறட்டைதான் முதல் ஒரு மணி நேரம். அமைதிக்காக இத்தனை தூரம் வந்து மாமனார் முறைக்காரர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பத்தரைக்கு மேல் காற்று திசை மாறிச் சவுக்கு இரைய ஆரம்பித்தது. முதலில் மழை என்று நினைத்துப் பதறி எழுந்தேன், வானத்தில் நட்சத்திரம். சவுக்குதான் அப்படி இரைகிறது, அதற்கு அடியில் கடல் தனியாக. கொஞ்ச நேரம் கேட்டால் இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. அப்புறம் ஒரு பறவை, கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டால் துள்ளித்துள்ளி நிற்குமே, டுக்... டுக்.. டுக் டுக்டுக்டுக், அதே சத்தம். பெரியப்பா தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல், "பக்கி" என்று அந்தப் பறவையின் பெயரைச் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். பெண் கூடாரத்துக்குள்ளிருந்து, "யாரைத் திட்றாங்கப்பா?" என்று கேட்டாள்.

கூடாரத்தைப் பெரியம்மா வீட்டுப் பரணிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறோம். காலாண்டு விடுமுறையில் அப்பா வராவிட்டாலும் நாங்கள் பஸ்சில் வந்துவிடுவோம் என்று பையன் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

வேதை உப்புக்காரன்

காலாண்டு என்றால் செப்டம்பர் கடைசி, மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள். பூநாரை வேண்டுமென்றால் பொங்கலுக்கு வாருங்கள், அப்போது மேல்துணியும் வேண்டும், போர்வையும் வேண்டும்.